பதினேழு அங்குலம்

மருத்துவச் சாமான் விற்கிற கடைக்கு நோயாளி வந்து நான் பார்த்ததில்லை. வருகிறவர்கள் எல்லாம் கை கால் நன்றாக இருப்பவர்கள். கட்டிலைத் தட்டிப் பார்ப்பார்கள், ரெக்சினைக் கிள்ளிப் பார்ப்பார்கள், ஆடுகிறதா என்று ஒரு உதை விட்டுப் பார்ப்பார்கள். அதில் படுக்கப் போகிற ஆள் அந்நேரம் ஏதோ ஒரு வீட்டில் மின்விசிறி சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு கிடப்பார்.

பங்காரம்மா அப்படித்தான் கருமத்தம்பட்டியில் கிடந்தார். ஐம்பத்தோரு வயது. பன்னிரண்டு விசைத்தறி ஓடுகிற குடோனை இருபத்தெட்டு வருசம் நடத்தியவர். தறிகள் அவர் கணவர் சீனிவாசலு பேரில்தான் இருக்கின்றன. ஆனால் பாவு நூல் அறுந்தாலும், ஆள் வராவிட்டாலும், கரண்டு போனாலும் தறிக்காரர்கள் தேடுவது அந்த அம்மாவைத்தான். சீனிவாசலு சோமனூர் போவார், வருவார், பேக்கரியில் உட்கார்ந்து நூல் விலை பேசுவார். ஆனி மாதம் மூன்றாவது வாரம், எட்டாம் நம்பர் தறியில் அறுந்த இழையைப் பிணைத்துக்கொண்டிருந்தபோது பங்காரம்மாவின் இடது கை தானாகக் கீழே விழுந்திருக்கிறது. கை விழுந்தது தனக்குத் தெரியவே இல்லை, இழை மறுபடியும் அறுந்ததைப் பார்த்துத்தான் தெரிந்தது என்று என்னிடம் சொன்னார். பக்கவாதம். பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு இடது கையும் இடது காலும் ஓய்ந்து வீட்டுக்கு வந்தார். பேச்சு கொஞ்சம் குழறினாலும் மிச்சம் இருந்தது. நக்கலும் மிச்சம் இருந்தது.

நான் நஸ்ரியா, பிசியோதெரபிஸ்ட். உக்கடத்திலிருந்து காந்திபுரத்துக்கு ஒரு பஸ், அங்கிருந்து அவிநாசி ரோட்டில் இன்னொரு பஸ். என் அத்தா ரசாக் பழைய இரும்புக் கடையில் எடை போடுகிறவர். எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். நாலரை வருசம், மூளை காலுக்கு எப்படிச் சொல்லி அனுப்புகிறது என்று படித்தேன். போகிற வீடுகளில் என்னை மசாஜ் பண்ணுகிற பொண்ணு என்பார்கள். செருப்பைக் கழற்றும்போதே காதில் விழும். எண்ணெய் கொண்டு வந்திருக்கிறாயா என்றும் கேட்பார்கள்.

முதல் நாளே பங்காரம்மா தனக்கு என்ன வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

"பவனு என்னையத் தூக்கீட்டுப் போயி பாத்ரூம்ல உக்கார வெக்கறான் கண்ணு. பெத்த பையன். அவன் மொகத்தை நான் பாக்கறதில்ல, என்ற மொகத்தை அவன் பாக்கறதில்ல. நானா எந்திரிச்சுப் போயி, நானா கதவைச் சாத்திக்கோணும். தறியெல்லாம் அப்பறம் பாத்துக்கலாம். அது ஒண்ணு பண்ணிக் குடு."

அதற்கு உட்கார்ந்த இடத்திலிருந்து எழ வேண்டும். எழுவதற்குப் பாதம் இரண்டும் தரையில் பதிய வேண்டும். இதில் ரகசியம் ஒன்றும் இல்லை. நீங்கள் உட்கார்ந்திருக்கிற நாற்காலியிலிருந்து காலைத் தொங்கவிட்டுக்கொண்டு எழுந்து பாருங்கள், தெரியும். இந்த நோயில் முதல் மூன்று மாதம் மூளை வேகமாகக் கற்றுக்கொள்ளும். அதற்கப்புறமும் கற்கும், ஆனால் அடம்பிடிக்கும். அந்த வீட்டில் இருந்ததோ கல்யாணத்துக்கு வாங்கிய தேக்குக் கட்டில், அதன்மேல் ஒரு முழ உயர மெத்தை. உட்கார வைத்தால் சேற்றில் புதைந்த மாதிரி ஒருபக்கமாகச் சாய்வார். கெட்டியான, அகலமான, ஏறி இறங்குகிற சிகிச்சைக் கட்டில் ஒன்று வேண்டும் என்று பவனிடம் சொன்னேன். பெங்களூர் கம்பெனி வேலையை வீட்டிலிருந்தே பார்க்கிற பையன். அன்றைக்கே போன் போட்டுக் கடையைக் கண்டுபிடித்துவிட்டான்.

ஆடி முதல் வாரம் அவனும் அவன் அப்பாவும் நானும் கோயமுத்தூர்க் கடைக்குப் போனோம். சீனிவாசலு முதலில் போய் நின்றது டாக்டர்கள் வயிறு அமுக்கிப் பார்க்கிற கட்டிலின் பக்கத்தில். அகலம் இரண்டடி. அதில் கை கால் விழுந்த ஆள் புரண்டு படுக்கப் பழகினால் நேரே தரையில்தான் புரளுவார் என்றேன். அடுத்து, தலைமாட்டில் ஓட்டை வைத்த மசாஜ் மேஜையைக் காட்டி இது நல்லாருக்குதுங்களே என்றார். அப்புறம் ஆஸ்பத்திரிக் கட்டில். கைப்பிடியைச் சுற்றினால் முதுகு நிமிரும். இது படுத்தே இருப்பவர்களுக்கு, எழப் போகிறவர்களுக்கு இல்லை என்றேன். கடைசியில் ஒரு மூலையில் அது இருந்தது. நான்கடி அகலம், மெல்லிசான கெட்டி ஸ்பாஞ்ச், காலால் ஒரு கம்பியை மிதித்தால் மோட்டாரில் முப்பத்துநான்கு அங்குலத்துக்கு ஏறும், பதினேழு அங்குலத்துக்கு இறங்கும். சீனிவாசலுவை அதில் உட்காரச் சொல்லி ஏற்றினேன். நான் காலை நீட்டி மடக்கும்போது இந்த உயரம், என் இடுப்பு பிழைக்கும். இறக்கினேன். பங்காரம்மா எழும்போது இந்த உயரம், அவர் கால் தரையைத் தொடும். மனிதர் இரண்டு தடவை ஏறி இறங்கிவிட்டுச் சிரித்தார். இதையே எடுத்தர்லாம் பவனு என்றார்.

அப்போதுதான் போன் வந்தது. வெங்கடபதி. பங்காரம்மாவின் தம்பி. கணபதியில் ஒர்க்ஷாப் வைத்திருக்கிறார். பம்புக்கும் மெஷினுக்கும் ஸ்டேண்டு அடித்துக் கொடுக்கிற தொழில், முப்பது பேர் வேலை செய்கிறார்கள். அவர் மகள் லாஸ்யாவைப் பவனுக்குப் பேசி வைத்திருக்கிறது, தை மாதம் நிச்சயம். சீனிவாசலு போனை ஸ்பீக்கரில் போட்டார்.

"ஏனுங் மாமா, நான் உசுரோடதான இருக்கறேன்? பொறந்த ஊட்டுல இரும்பு அறுக்கறவன் ஒருத்தன் இருக்கறப்ப, அக்காவுக்குக் கடையில கட்டலு வாங்கறீங்களாமா? ஒறம்பரை சனமெல்லாம் என்னைய என்ன பேசும்?"

சீனிவாசலு கட்டிலிலிருந்து இறங்கிவிட்டார். பவன் என்னைப் பார்க்கவில்லை. வருங்கால மாமனார் குரல் கேட்டதும் பெங்களூர் சம்பளக்காரன் கை கட்டி நின்றுவிட்டான். கடைக்காரர் இதெல்லாம் பழக்கப்பட்டவர். கோயமுத்தூரில் எதை விற்கப் போனாலும் இதை நாமே செஞ்சர்லாம் என்று ஒரு மாமனோ மச்சானோ கிளம்பி வருவார் என்று சொல்லிவிட்டு விளக்கை அணைத்தார்.

நான் ஒரு தாளில் வரைந்து, அளவு எழுதி, போட்டோ எடுத்து வெங்கடபதிக்கு அனுப்பினேன். அகலம் நான்கடி. உயரம் பதினேழு முதல் முப்பத்துநான்கு அங்குலம் வரை ஏறி இறங்க வேண்டும். ஸ்பாஞ்ச் இரண்டங்குலம். சரிங் பாப்பா, செஞ்சர்லாம் என்று குரல் பதிவு வந்தது. எப்போது தருவீர்கள் என்றேன். ஆடியில் புதுக் கட்டில் வீட்டுக்குள் வரப்படாது, ஆவணி முதல் முகூர்த்தத்துக்குக் கொண்டு வந்துவிடலாம் என்றார்.

மூளைக்கு ஆடி, ஆவணி தெரியாது. இதை நான் சீனிவாசலுவிடம் சொன்னேன். அவர் காலண்டரைப் பார்த்தார். பவனிடம் சொன்னேன். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு, மாமா மனசு நோகும் என்றான். ஒருத்தர் மனசு நோகக் கூடாது என்பதற்காக ஒருத்தி கால் முப்பது நாள் சும்மா கிடந்தது.

சும்மா விடவில்லைதான். கூடத்தில் கோரைப்பாய் விரித்துத் தரையில் புரளப் பழக்கினேன். ஆடிக் காற்று பாலக்காட்டுப் பக்கமிருந்து தள்ளிக்கொண்டு வரும். குடோன் கதவு திறக்கும்போதெல்லாம் பஞ்சுத்தூசி கூடத்துக்குள் பறந்து வந்து எங்கள் இரண்டு பேர் முடியிலும் ஒட்டும். தறிச் சத்தத்தில் நான் கத்தித்தான் சொல்ல வேண்டும். இடுப்பைத் தூக்குங்க, தோளைத் தள்ளுங்க. நான்கே வாரத்தில் அந்த அம்மா தானாக ஒருபக்கம் புரண்டார், பிடிமானம் இல்லாமல் உட்கார்ந்தார். ஆனால் தரையிலிருந்து எழுப்ப மூன்று ஆள் வேண்டும். மூன்று ஆள் தூக்கினால் அது எழுவது இல்லை, மூட்டை ஏற்றுவது. பயிற்சி முடிந்ததும் அரிசிம்பருப்பு சாதம் தட்டில் வரும், ஒரு கரண்டி நெய்யோடு. சாப்பிடாமல் போனால் அந்த அம்மாவுக்குக் கோபம் வரும். சாப்பிட்டுக்கொண்டே கேட்பார், எட்டாம் நம்பர் தறி ஒருமாதிரிச் சத்தம் போடுகிறதே, யாராவது பார்த்தார்களா என்று. யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

ஆவணி முதல் முகூர்த்தத்தன்று கட்டில் டெம்போவில் வந்தது. கட்டிலுக்கு மாலை போட்டிருந்தார்கள். நான்கு காலிலும் மஞ்சள், குங்குமம். முன்னால் காரில் வெங்கடபதியும் உறவுக்காரப் பெண்கள் ஏழெட்டுப் பேரும் பழத்தட்டு, புடவை, ஒப்புட்டுப் பலகாரம் என்று சீர்த்தட்டுகளோடு இறங்கினார்கள். கட்டிலை உள்ளே கொண்டு வர ஆறு தறிக்காரர்கள் தேவைப்பட்டார்கள். எல்லாம் மெஷின் ஸ்டேண்டுக்குப் போடுகிற சேனல் இரும்பு. அத்தாவின் தராசுப் பக்கத்தில் வளர்ந்தவள் நான், பார்த்தாலே எடை சொல்வேன். இருநூற்றைம்பது கிலோவுக்குக் குறையாது. பச்சைப் பெயிண்டு, லேத்து மெஷினுக்கு அடிப்பார்களே, அந்தப் பச்சை. தலைமாட்டில் ஒர்க்ஷாப் பேர் போட்ட தகடு. மேலே ஐந்தங்குல ஸ்பாஞ்ச், மெரூன் ரெக்சின்.

சூடம் காட்டி முடித்தார்கள். நான் டேப் எடுத்து அளந்தேன். முப்பத்துநான்கு. மெத்தையோடு முப்பத்தொன்பது. எங்கே இறங்கும் என்று கேட்டேன்.

வெங்கடபதி சிரித்தார். கெட்ட மனிதர் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். அக்காவுக்காக ஒர்க்ஷாப்பில் மூன்று நாள் மற்ற வேலையை நிறுத்திவிட்டுத் தானே நின்று வெல்டு வைத்திருக்கிறார்.

"பாருங் பாப்பா, மோட்டாரு போட்டா நாளைக்கு அது ரிப்பேராகும். ஏறி எறங்கறதெல்லாம் ஆட்டங் குடுக்கற சமாச்சாரம். நம்ம ஒர்க்ஷாப் மேசை பூராம் இந்த ஒசரந்தான். நாளைக்குப் பத்து மணி நேரம் பசங்க நின்னு வேலை செய்யறாங்க, ஒருத்தனுக்கு இடுப்பு வலி இல்ல. நீங்களும் குனிய வேண்டாம், மாமனும் குனிய வேண்டாம். நூறு வருசத்துக்கு அசையாது."

நூறு வருசம் அதில் யார் படுத்திருக்கப் போகிறார்கள் என்று கேட்டிருக்க வேண்டும். வாய்வரை வந்தது. சுற்றிலும் பட்டுப்புடவைகள். பங்காரம்மாவைத் தூக்கி அதன்மேல் உட்கார வைத்து, தோளில் புடவையைப் போர்த்தி, போட்டோ எடுத்தார்கள். அவர் கால் இரண்டும் தரைக்கு மேலே இரண்டடி உயரத்தில் தொங்கின. தம்பியைப் பார்த்து அழுதார். சந்தோசத்தில் அழுகிறார் என்றார்கள். சந்தோசம்தான். பிறந்த வீடு தன்னை மறக்கவில்லை என்ற சந்தோசம். அந்த முகத்துக்கு முன்னால் நான் டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுவிட்டேன்.

சாயந்தரம் நான் வேலை பார்க்கிற பிசியோதெரபி சென்டர் ஓனருக்குப் போன் செய்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, சீர் விசயத்தில் நாம் தலையிடக் கூடாது, ஒரு ஸ்டூல் போட்டு அட்ஜஸ்ட் செய்துகொள் என்றார். ஒரு படித்த மனிதர் எனக்குச் சொன்ன யோசனை அது. நான் அதன்படியே செய்தேன். அதற்கு எனக்கு மன்னிப்பில்லை.

காலுக்கடியில் பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டேன், வழுக்கியது. மரப்பெட்டி போட்டேன், அதன்மேல் நின்றால் இறங்க இன்னொரு படி வேண்டும். முப்பத்தொன்பது அங்குலத்தில் உட்கார்ந்திருக்கிறவருக்கு முன்னால் பெட்டிமேல் எழுந்து நில்லுங்கள் என்று சொல்ல எனக்கே பயமாக இருந்தது. அந்த அம்மா பயத்தை நக்கலாக்கிக்கொண்டார். கட்டலுல இருக்கறனா மேடையில இருக்கறனா, மைக்கு ஒண்ணு குடுங்க, பேசிட்டு எறங்கறேன் என்பார். இங்கிருந்து பார்த்தால் பிரிட்ஜு மேலே ஒரு விரக்கடைத் தூசி தெரியுது, இத்தனை நாளா நான் கீழே இருந்து ஏமாந்துபோட்டேன் என்பார்.

அவரைத் தவிர எல்லோருக்கும் கட்டில் பிடித்திருந்தது. சீனிவாசலு குனியாமல் சோறு ஊட்டினார். பவன் குனியாமல் துணி மாற்றினான். பார்க்க வருகிறவர்கள் ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கட்டில் ஓரத்தில் வைத்துவிட்டு, இரும்பைத் தட்டிப் பார்த்து, தம்பின்னா இப்படி இருக்கோணும் என்றார்கள். நோயாளி எப்படி இருக்கிறார் என்று கேட்டவர்களைவிடக் கட்டிலை யார் செய்தது என்று கேட்டவர்கள்தான் அதிகம். கால் தொங்கித் தொங்கி முன்பாதம் கீழ்நோக்கி இழுக்க ஆரம்பித்தது. கெண்டைச் சதையைத் தொட்டால் பாவுநூல் முறுக்கிய மாதிரி விறைப்பு. நான் தினமும் கையால் நீட்டிவிடுவேன். அரை மணி நேரம் நீட்டியதை மீதி இருபத்துமூன்றரை மணி நேரம் அந்தக் கட்டில் சுருட்டி வைத்திருக்கும்.

மூன்று வாரம் போனது. ஒரு செவ்வாய்க்கிழமை நான் போனபோது உறவில் ஒரு பெரியம்மா வந்து உட்கார்ந்திருந்தார். எனக்கு ஒரு காப்பி வந்தது, அவருக்கு ஒன்று. கிளம்பும்போது ரெக்சினைத் தடவியபடி அவர் சொன்னார், கட்டல் நல்லா அமைஞ்சுபோச்சு பங்காரு, இனி இப்படியே காலத்தைத் தள்ளிக்கலாம், மத்ததையெல்லாம் பவனும் வாரவளும் பாத்துக்குவாங்க என்று. நல்ல மனசோடுதான் சொன்னார். அப்படிச் சொல்கிறவர்கள் எல்லோரும் நல்ல மனசோடுதான் சொல்கிறார்கள்.

அவர் போனதும் பங்காரம்மா தொங்குகிற தன் கால்களைக் குனிந்து பார்த்தார். அப்புறம் கேட்டார்.

"நெசத்தைச் சொல்லு நஸ்ரியா. இந்தக் கட்டலுல இருந்து நான் எந்திரிச்சு நிப்பனா?"

"மாட்டீங்கம்மா."

"உனக்கு எப்பத் தெரியும்?"

"கட்டில் வந்தன்னைக்கே தெரியும்."

அவர் நல்ல கையால் என் மணிக்கட்டைப் பிடித்தார். வலித்தது.

"ஏன்டி சொல்லல? பவனு அப்பா நாலாங் கிளாசு, என்ற தம்பி எட்டாங் கிளாசு. அவியளுக்குத் தெரியாது. நீ படிச்சவதான? படிச்சுப்போட்டு ஒறம்பரைக்குப் பயந்துட்டு வாய மூடிட்டு இருக்கறதுக்கு, நீ படிக்காமயே இருந்திருக்கலாமே. மூணு வாரம் என்ற காலைச் சும்மா நீவி விட்டுட்டுப் போயிருக்கறே."

வேலைக்கு வந்த நான்கு வருசத்தில் என்னை எத்தனையோ பேர் மசாஜ் பொண்ணு என்றிருக்கிறார்கள். அது உறைத்ததில்லை. இது உறைத்தது, உண்மை என்பதால். அப்புறம் அவர், கட்டில் உயரம் எத்தனை இருக்க வேண்டும் என்று கேட்டார். அவர் முட்டிக்குப் பின்னாலிருந்து குதிகால் வரை டேப் வைத்து அளந்தேன். பதினேழு. இப்போதைக்கு இரண்டங்குலம் கூட இருந்தால் எழச் சுலபம், போகப்போகக் குறைக்க வேண்டும் என்றேன்.

தறி ரிப்பேர் பார்க்கிற பிட்டர் நாகூர் மீரானைக் கூப்பிடச் சொன்னார். மீரான் அன்று எட்டாம் நம்பர் தறியைத்தான் பிரித்துப் போட்டிருந்தான். கிரீஸ் கையோடு வந்து நின்றான். கட்டில் காலை அறுக்க வேண்டும் என்றதும் இரண்டடி பின்னால் போய்விட்டான்.

"வேண்டாங்க்கா. தறின்னா நட்டு போல்ட்டு வரைக்கும் கழட்டித் தாரேன். இது மச்சான் வெச்ச சீருங்க. நாளைக்கு எல்லாரும் ஒண்ணாயிருவீங்க, நாந்தான் கெட்டவனா நிப்பேன்."

"உன்ற மேல பழி வராது. நான் சொல்லி நீ செய்யறே. இருபத்தெட்டு வருசமா அப்பிடித்தான்?"

"அது சரிங்க்கா..."

"கிரைண்டர் இருக்குதா இல்லியா?"

கிரைண்டர் இருந்தது. ஆனால் கூடத்தில் வைத்து அறுக்க முடியாது. தீப்பொறி பறந்து பஞ்சுத்தூசியில் விழுந்தால் கட்டில் மட்டும் இல்லை, குடோனே போய்விடும். கட்டிலை வெளியே களத்துக்குக் கொண்டு போக வேண்டும், அதற்கு ஆறு ஆள். பங்காரம்மா தறியை நிறுத்தச் சொன்னார். பட்டப்பகலில், கரண்டு இருக்கும்போது, அந்தக் குடோனில் ஒரு தறிகூட ஓடாமல் நின்றதை நான் அன்றுதான் பார்த்தேன். காது அடைத்த மாதிரி ஆகிவிட்டது. பேக்கரியிலிருந்த சீனிவாசலுவே சத்தம் நின்றது கேட்டு ஓடி வந்தார்.

வந்தவர் விசயம் தெரிந்ததும் பொண்டாட்டியிடம் பேசவில்லை, என்னிடம் பேசினார். ஊட்டை ரெண்டாக்காதீங் அம்மிணி என்றார். தை மாதத்துக் காரியம் இருக்கிறது என்றார். பங்காரம்மா ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டு வந்த சக்கர நாற்காலியில் வாசலில் உட்கார்ந்தபடி, அவங்களை எதுக்குக் கேக்கறீங்க, என்னையக் கேளுங்க என்றார். சீனிவாசலு கேட்கவில்லை. ஓரமாகப் போய் மச்சானுக்குப் போன் போட்டார். பவன் மாடியிலிருந்து காதில் மாட்டிய ஹெட்போனோடு இறங்கி வந்து நின்றான். கட்டிலைத் தூக்க ஐந்து பேர்தான் இருந்தார்கள். அவன் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஹெட்போனைக் கழற்றிப் படியில் வைத்து, ஆறாவது ஆளாகப் போய்க் கைகொடுத்தான். அந்தப் பையன்மேல் எனக்கிருந்த கோபத்தில் பாதி அப்போது போனது. பாதிதான்.

மீரான் ஸ்பாஞ்சைக் கழற்றிவிட்டுக் கட்டிலைக் கவிழ்த்துப் போட்டான். எத்தனைக்கு அறுக்க என்று கேட்டான். பத்தொன்பதா பதினேழா என்று எனக்குக் குழப்பம். ஒரே தடவைதான் அறுக்க முடியும். அவனே சொன்னான், கொறைச்சுட்டா அடியில கட்டை வெச்சு ஏத்திக்கலாங் டாக்டரம்மா, ஒசரமா உட்டுட்டா மறுக்கா எல்லாத்தையும் தூக்கோணும் என்று. எனக்கு அந்த வீட்டு வாசலில் கிடைத்த முதல் டாக்டரம்மா. மேலே இரண்டங்குல ஸ்பாஞ்ச் போடக் கணக்குப் பண்ணிப் பதினைந்தில் சாக்பீஸ் கோடு போட்டேன்.

இரண்டு கால் அறுந்து விழுந்திருந்தபோது வெங்கடபதியின் கார் வந்து நின்றது. சின்னியம்பாளையத்தில் ஏதோ வேலையாக இருந்திருக்கிறார், அதனால் அத்தனை சீக்கிரம். இறங்கியவர் தரையில் கிடந்த தன் சேனல் துண்டை எடுத்துப் பார்த்தார். இன்னும் சூடு. கீழே போட்டார்.

அந்த வீட்டில் அக்காவும் தம்பியும் தெலுங்கில்தான் பேசிக்கொள்வார்கள். மற்றவர்களிடம்தான் தமிழ். வெங்கடபதி தெலுங்கில்தான் ஆரம்பித்தார். பங்காரம்மா தமிழில் பதில் சொன்னார், களத்தில் நின்ற எல்லோருக்கும் கேட்கட்டும் என்று. அப்புறம் அவரும் தமிழுக்கு வந்துவிட்டார்.

"என்ற சீரை அறுத்துக் குப்பையில போடறியாக்கா? பூசை போட்டுக் கொண்டாந்த பொருளு. இந்தப் பொண்ணு பேச்சைக் கேட்டுட்டா?"

"அவ பேச்சைக் கேட்டுத்தான் நீ செஞ்சிருக்கோணும். கடுதாசில எழுதிக் குடுத்தாளே, படிச்சயா?"

"படிச்சேன். உனக்கு நல்லதுன்னுதான் ஒசத்தி வெச்சேன். யாரும் குனிய வேண்டாம்னு..."

"பவனுக்குக் காது குத்தறப்ப எனக்குக் கொலுசு போட்டியே வெங்கிடு, நாபகம் இருக்குதா? கடைக்குப் போறதுக்கு முந்தி நூலு கொண்டாந்து என்ற காலை அளந்துட்டுப் போனே. கெண்டைக்காலுல ஒரு அளவு, கணுக்காலுல ஒரு அளவு. பத்து நாளு போட்டுட்டுக் கழட்டி வெக்கற கொலுசுக்கு அளந்தே. நான் எந்திரிக்கறதுக்கு ஒரு கட்டலு. அதுக்கு நீ என்ற காலை அளந்தயாடா?"

வெங்கடபதி காலடியில் கிடந்த சேனல் துண்டைச் செருப்பால் ஓரமாகத் தள்ளினார்.

"கதவை அளந்தே, உள்ள போகுமான்னு. மாமன் இடுப்பை அளந்தே. ஒறம்பரை வாயை அளந்தே. காலு என்றது, அதைய ஆரு அளந்தீங்க?"

"உன்னைய நான் ராணி மாதிரி வெச்சுக்கோணும்னு நெனச்சேனக்கா."

"ராணி பாத்ரூமுக்கு எப்பிடிப் போவாளாம்?"

தறிக்காரர் ஒருவர் இருமினார். சீனிவாசலு தலையைக் குனிந்துகொண்டார். வெங்கடபதி என் பக்கம் திரும்பி, நல்லாருக்குது, குடும்பத்துக்குள்ள வந்து நல்லாத்தான் வைத்தியம் பாக்கறே என்றார். கட்டிலை இறங்காமல் செய்தது நீங்கள்தான், அதை முதல் நாளே உங்கள் முகத்துக்கு நேராகச் சொல்லாதது என் தப்பு, இப்போது சொல்கிறேன், நீங்கள் செய்தது அந்த அம்மாவைப் படுக்க வைக்கிற மேஜை என்றேன்.

சாப்பிட்டுட்டுப் போ என்று பங்காரம்மா தம்பியிடம் சொன்னார். அவர் நிற்கவில்லை. தை மாதத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை, சொல்லாமல் போனதே போதும் என்று சீனிவாசலு படியில் உட்கார்ந்துவிட்டார். பிறந்த வீட்டுத் தம்பி சாப்பிடாமல் போனால் அது எத்தனை வருசத்துக்கு நிற்கும் என்று அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். கார் போன புழுதி அடங்கும்வரை பங்காரம்மா ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கினார். தூக்க முடிந்தது வலது கையை மட்டும்தான்.

"மீரானு, இன்னும் ரெண்டு காலு இருக்குது பாரு."

மீரான் கிரைண்டரைப் போட்டான்.

பொழுது சாய்வதற்குள் கட்டில் கூடத்துக்குத் திரும்பிவிட்டது. அறுத்த இடத்தை அரம் போட்டு ராவி, அடியில் ரப்பர் வைத்து, நான்கு காலுக்கும் இரண்டங்குல மரக்கட்டை கொடுத்திருந்தான் மீரான். ஐந்தங்குல ஸ்பாஞ்சைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பவன் எங்கிருந்தோ கெட்டியாக இரண்டங்குலம் வாங்கி வந்திருந்தான். தறிகள் மறுபடி ஓட ஆரம்பித்தன. பங்காரம்மாவை உட்கார வைத்தேன். வலது பாதம் தரையில் பதிந்தது. மொசைக் தரையின் குளிர்ச்சி காலில் ஏறியதும் விரல்களை விரித்தார்.

இடது பாதத்தைப் பிடித்துப் பின்னால் கொண்டு வந்து வைத்தேன். விரல்கள் தொட்டன. குதிகால் தொடவில்லை. முட்டியை அழுத்தினேன். வரவில்லை. குதிகாலுக்கும் தரைக்கும் நடுவில் என் சுண்டுவிரல் தாராளமாக நுழைந்தது. மூன்று வாரம் தொங்கிய கால். அதற்கு முன் ஒரு ஆடி மாதம். இப்போது தரை பக்கத்தில் இருக்கிறது, கால் வரமாட்டேன் என்கிறது.

அவர் என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார்.

"எத்தனை நாளாகும் எறங்கறதுக்கு?"

"தெரியலீங்கம்மா. ஒரு மாசம் ஆகலாம். ரெண்டும் ஆகலாம். முழுசா எறங்காமயும் போகலாம்."

"இப்பிடிச் சொல்லு. இதைய மொதல்லயே சொல்லிப் பழகியிருந்தா ஆகாதா?" கோபமாகத்தான் சொன்னார். அப்புறம் படியில் உட்கார்ந்திருந்த கணவரைக் கூப்பிட்டார். இங்கே வாங்க, வந்து இதைப் பிடிங்க.

சீனிவாசலு வந்து எங்கே நிற்பது என்று பார்த்தார். நின்றால் எட்டாது. கட்டில் இப்போது அவர் முட்டிக்குக் கீழே இருந்தது. கொஞ்ச நேரம் இடுப்பில் கை வைத்து யோசித்துவிட்டு, வேட்டியை மடித்துக்கொண்டு, தரையில் மண்டியிட்டார். பாதத்தை ஒரு கையால் எப்படிப் பிடிப்பது, முட்டியை மேலிருந்து எந்தப் பக்கமாக அழுத்துவது என்று காட்டினேன். தினமும் நாலு தடவை, தடவைக்குப் பத்து நிமிசம், நான் வராத நாளிலும் என்றேன். தலையாட்டினார். பொண்டாட்டி காலை அவர் முதல் தடவை பிடிக்கிறார் என்பது அவர் பிடித்த விதத்திலேயே தெரிந்தது. சூடான பாத்திரத்தைத் தொடுகிற மாதிரி தொட்டார்.

"அழுத்துங்க," என்றார் பங்காரம்மா. "வலிச்சா நான் சொல்றேன்."

அவர் அழுத்தினார். அந்த அம்மா சொல்லவே இல்லை.